முதல் பக்கத்துச் சந்தனம்

பழைய காகிதம் எதுவும் படுக்கையறையில் இருக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னபோது, நான் வாய் திறப்பதற்குள் என் கணவர், "சரி டாக்டர், நாளைக்கே தூக்கிருதேன்" என்றார். அந்தச் 'சரி'யை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மூச்சிழுப்பு எனக்கு. காகிதம் என்னுடையது. சம்மதம் மட்டும் அவருடையது.

வேறு அறையில் வைக்கலாமா என்று கேட்டேன். எங்கள் வீடு குத்துக்கல்வலசையில் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு கூடம். கதவு இடுக்கில் தூசி வராதா, பூஞ்சை வராதா என்று மருத்துவர் திருப்பிக் கேட்டார். "வீட்டை விட்டே போயிரணும்மா" என்றார். நான் தென்காசியில் ஒரு மருந்துக்கடையில் இருபத்தாறு வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். இழுப்புக்கு எந்த மருந்தை எத்தனை முறை உறிஞ்ச வேண்டும் என்று தினமும் பத்துப் பேருக்கு நான் சொல்கிறேன். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் கூடியது. தவறாகச் சொல்லியிருந்தால் வேறு டாக்டரைப் பார்த்திருக்கலாம்.

அவர்கள் இருவரும் காகிதம் என்று சொன்னது என் தீப்பெட்டிப் படங்களை. முப்பத்தோரு ஆல்பம். நாலாயிரத்து நூற்றாறு படம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எங்கே கிடைத்தது, எந்த மாதத்தில் கிடைத்தது, பெட்டி மரச்சீவலில் செய்ததா அட்டையில் செய்ததா என்ற விவரமெல்லாம் தனியாக ஒரு நோட்டில் வரிசையாக இருக்கிறது. ஒன்பது வயதில் தொடங்கியது. இப்போது எனக்கு ஐம்பத்து நான்கு. இதைப் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. பேச்சை நிறுத்திக்கொள்வேன்.

நான் வளர்ந்தது குற்றாலத்தில். பேரருவிக்குப் போகும் சாலையில் ஒரு லாட்ஜில் அப்பாவுக்கு மேலாளர் வேலை. சீசன் தொடங்கிவிட்டால் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு, நடுங்கிக்கொண்டே வந்து டீக்கடையில் பீடி பற்றவைப்பார்கள். தீப்பெட்டி காலியானாலும் சாரலில் நனைந்து போனாலும் அங்கேயே எறிவார்கள். மதுரைப் பெட்டி, கோட்டயத்துப் பெட்டி, எழுத்தே புரியாத ஆந்திரப் பெட்டி எல்லாம் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் கிடக்கும். நான் எந்த ஊருக்கும் போனதில்லை. ஊர்கள்தான் என் காலடிக்கு வந்து விழுந்தன.

"ஏட்டி, ஒரு பொம்பளப்புள்ள பீடி குடிக்கவன் காலுக்குள்ள குனிஞ்சு பெறக்குதா. பாக்கதுக்கு நல்லாவா இருக்கு?" என்று அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். வைத்த பிறகு நானும் விடமாட்டேன். அடுத்த நாள் பெஞ்சின் இன்னொரு பக்கத்திலிருந்து குனிவேன்.

மரச்சீவல் பெட்டியில் படத்தைத் தனியாக அச்சடித்து ஒட்டியிருப்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் தானே விட்டு மிதக்கும். பிய்க்கக் கூடாது. காத்திருக்க வேண்டும். எடுத்த பிறகு காய வைப்பதுதான் பெரிய பாடு. குற்றாலத்துச் சாரலில் துணியே மூன்று நாள் காயாது. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அம்மா இட்லி ஊற்றும்போது கொப்பரை மூடியின் மேல் பக்கத்தில் ஈரப்படத்தைப் பரப்பி வைத்துவிட்டால், ஒரு ஈடு வேகும் நேரத்தில் அது காய்ந்து சுருண்டு தானே கழன்று விழும். அதை அப்பாவின் லாட்ஜ் ரிஜிஸ்டருக்குள் வைத்து நிமிர்த்துவேன். இரண்டு ஈடு வைத்தால் கருகிவிடும். இப்படிக் கருகியவை ஏழு. அந்த ஏழும் நோட்டில் இருக்கின்றன.

எண் ஒன்று, ஒரு தையல் மெஷின். மஞ்சள் பின்னணியில் பச்சை மெஷின், கீழே மலையாள எழுத்து. தீப்பெட்டிக்குத் தையல் மெஷினை யார் வரைந்தார்கள், ஏன் வரைந்தார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. மெஷின் சக்கரத்தில் மட்டும் ஒரு துளி சிவப்பு, ஓவியருக்குக் கை தவறியது மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் மற்ற எல்லாவற்றையும் சேர்க்க ஆரம்பித்தேன்.

என் ஆல்பங்களில் பசை கிடையாது. பக்கத்தில் பிளேடால் நான்கு சாய்வான கீறல் போட்டு, படத்தின் நான்கு மூலைகளையும் அதில் செருகியிருப்பேன். பக்கத்துக்கு நான்கு படம். முதல் பக்கத்தில் மட்டும் ஒன்றே ஒன்று. அந்த ஆல்பத்தில் இருப்பவற்றில் எது சிறந்ததோ, எது இனிமேல் கிடைக்காதோ, அது. மேலே ஒரு பட்டர் பேப்பர். இந்த முதல் பக்க ஏற்பாட்டை நான் பதினாறு வயதில் முடிவு செய்தேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

டாக்டரிடம் போய் வந்த மறுநாளிலிருந்து என் கணவர் பீரோவைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். எதையும் தூக்க வேண்டும், நகர்த்த வேண்டும், வரிசையில் நிறுத்த வேண்டும்.

"ஏளா, நாலாயிரம் தீப்பெட்டி வச்சிருக்க. வெளக்கு பொருத்த ஒரு குச்சி கேட்டா லைட்டர எடுத்து நீட்டுத" என்றார் சிரித்துக்கொண்டு.

"படம்தான் சேக்கேன். குச்சி சேக்கல."

"அதத்தாம்ளா நானும் சொல்லுதேன். அந்தச் சவத்த யாருக்காவது குடுத்துட்டு நிம்மதியா மூச்சு விடு."

சவம் என்பது எங்கள் ஊரில் எல்லாரும் எதற்கும் சொல்லும் வார்த்தைதான். செருப்பையும் சொல்வார்கள், மழையையும் சொல்வார்கள். அன்று எனக்கு அது பொறுக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அவரே தோசை ஊற்றிக்கொண்டார்.

யாருக்குக் கொடுப்பது? சிவகாசிப் பக்கத்திலிருந்து ஒரு சேகரிப்பாளர் எப்படியோ கேள்விப்பட்டு போன் செய்தார். மரியாதையாகப் பேசினார். படங்களின் போட்டோ அனுப்பச் சொன்னார். முப்பத்தொன்றின் முதல் பக்கங்களையும் எடுத்து அனுப்பினேன். மறுநாள், "மேடம், இந்த முப்பத்தொண்ணு மட்டும் போதும். மத்தது எங்கிட்டயே இருக்கும்" என்றார். முடியாது என்றேன். ஒன்றைப் பிரித்தாலும் நோட்டிலுள்ள வரிசை பொய்யாகிவிடும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான் தொட முடியாவிட்டாலும், எண் ஒன்றிலிருந்து நாலாயிரத்து நூற்றாறு வரை எல்லாம் ஒரே இடத்தில், நான் வைத்தபடியே இருக்க வேண்டும்.

அப்போதுதான் வாசகசாலை அண்ணாச்சி வந்தார். தென்காசியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேல் மாடியில் சொந்த முயற்சியில் ஒரு வாசகசாலை நடத்துகிறார். காலையில் நாளிதழ் படிக்க முப்பது பேர் வருவார்கள். எங்கள் கடையில் சர்க்கரை மாத்திரை வாங்கும்போது கேள்விப்பட்டாராம்.

"தாயி, ஒங்க பீரோவோட அப்டியே கொண்டாங்க. ஒரு மூலைய ஒதுக்கித் தாரேன். தென்காசிக்காரங்க ஒரு தடவ பாக்கட்டும். நம்ம ஊர்ல இப்டி ஒண்ணு இருக்குன்னு யாருக்குத் தெரியும், சொல்லுங்க?"

நாற்பத்தைந்து வருடத்தில் என்னிடம் அப்படிப் பேசிய முதல் ஆள் அவர். நான் ஏமாந்தேன் என்று சொல்லமாட்டேன். அவர் ஏமாற்றவில்லை. இந்த விஷயத்தில் யாருமே யாரையும் ஏமாற்றவில்லை. அதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

நான் ஒரு முழுப் பக்கத்தில் நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தேன். பசை தொடக் கூடாது. பிளாஸ்டிக் உறை போடக் கூடாது, உள்ளே வியர்க்கும். பீரோ சுவரை ஒட்டி நிற்கக் கூடாது. ஈரக் கையால் புரட்டக் கூடாது. தின்பண்டம் பக்கத்தில் வரக் கூடாது. பட்டர் பேப்பரை எடுக்கக் கூடாது. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்து, "கல்யாணத்துக்குப் பொண்ணு குடுக்க மாதிரில்லா எழுதிருக்கீங்க" என்றார். கையெழுத்தும் போட்டார்.

பீரோ போன நாள் ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. லோடு ஆட்டோவில் ஏற்றும்போது என் கணவர், "மெதுவா, மெதுவா, எம் பொண்டாட்டி உசுரு உள்ள இருக்கு" என்று ஆட்களிடம் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். நான் ஆட்டோவிலேயே போனேன். மாடியில் ஏற்றி, சுவரிலிருந்து முக்கால் அடி தள்ளி வைத்து, டேப் பிடித்து அளந்து, சாவியை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தச் சால்வையிலிருந்து உதிர்ந்த ஜரிகைத் தூளில் எனக்கு இருமல் வந்தது.

பதினெட்டு நாளில் இழுப்பு குறைந்தது. மருந்து உறிஞ்சுவதை நாளுக்கு நான்கிலிருந்து ஒன்றாகக் குறைத்தேன். டைரியில் அந்த எண்ணிக்கையை எழுதும்போதெல்லாம் என் நெஞ்சு மீதே எனக்கு எரிச்சலாக இருந்தது. என் உடம்பு என் கணவர் பக்கம் சேர்ந்துவிட்டது. படுக்கையறையில் பீரோ நின்ற இடத்தில் தரை மட்டும் வெள்ளையாக, நீள்சதுரமாகத் தெரிந்தது. அவர் அந்த இடத்தில் யோகா விரிப்பைப் போட்டார். எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மாதம் ஒருமுறை வாசகசாலைக்குப் போய் எட்டிப் பார்ப்பேன். என் நிபந்தனைப் பக்கத்தை லேமினேட் செய்து, சட்டம் போட்டு, பீரோவுக்கு மேலே மாட்டியிருந்தார்கள். வருகிறவர்கள் ஆல்பத்தைப் பார்க்கிறார்களோ இல்லையோ, அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். வாசகசாலையைக் கூட்டித் திறந்து பூட்டுகிற அம்மாள் வடகரைக்காரி. என்னைவிட நான்கைந்து வயது இளையவள். என்னை 'மயினி' என்பாள், அண்ணி என்று அர்த்தம். பீரோவைத் தினமும் காய்ந்த துணியால் துடைப்பாள். ஒருநாள் என்னிடம், "ஈரக் கையி கூடாதுன்னு எழுதிருக்கீயள்லா மயினி, அதான் நான் கைய முந்தியில தொடச்சிட்டுத்தான் தாக்கோலயே தொடுவேன்" என்றாள். சாவியை அவள் அப்படித்தான் சொல்வாள், செங்கோட்டைப் பக்கத்துப் பேச்சு. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் மருந்துக்கடையிலும் வழக்கம்போலப் பூஜை போட்டோம். சந்தனம் குழைத்தது நான்தான். கடைக் கதவுக்கு வைத்தேன். குளிர்பதனப் பெட்டிக்கு வைத்தேன். எடை பார்க்கும் மெஷினுக்கு வைத்தேன், கம்ப்யூட்டருக்கு ஓரமாக வைத்தேன். மாத்திரை அட்டைகளின் பக்கம் கிண்ணம் போகாமல் பார்த்துக்கொண்டேன். எழுத்து அழிந்தால் எந்த மாத்திரை என்று தெரியாது. இருபத்தாறு வருடமாக இதைச் செய்கிறேன். அந்த நேரத்தில், அரை மைல் தள்ளி ஒரு மாடியில் இன்னொரு கிண்ணத்தில் சந்தனம் கரைகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் எழுதிய நிபந்தனைகளில் அதைச் சேர்க்கவும் தோன்றவில்லை. பசை என்று எழுதினேன், பிளாஸ்டிக் என்று எழுதினேன். சாமி என்று எழுதவில்லை.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த புத்தகத்தை எடுத்துப் படிக்கிற நாள். காலை எட்டேகாலுக்கு வாசகசாலைக்குப் போனேன். படியிலேயே பொரியும் பன்னீரும் கலந்த வாடை அடித்தது. மேலே சரஸ்வதி படத்துக்கு முன்னால் மேஜை. மேஜையில் பெரிய அகராதிகள், புராணங்கள். அவற்றுக்கு நடுவில், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு கோபுரம் மாதிரி, என் ஆல்பங்கள். உச்சியில் செவ்வந்திப் பூ. சுற்றிலும் பொரி, கடலை, வெல்லம். வெல்லத்தைத் தேடி வந்த எறும்பு வரிசை மேஜைக் கால் வழியாக ஏறி, என் பதினேழாவது ஆல்பத்தின் முதுகில் நடந்துகொண்டிருந்தது.

முதலில் எறும்பைத்தான் பார்த்தேன். பூவை எடுத்துக் கீழே வைத்துவிட்டு மேலே இருந்த ஆல்பத்தைத் திறந்தேன். அது முதல் ஆல்பம். அட்டை திறந்தது. முதல் பக்கம் திறக்கவில்லை. அட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் நகத்தை விட்டு மெதுவாகப் பிரித்தேன். தையல் மெஷினின் பாதி அட்டையோடு போயிற்று. மீதிப் பாதியில் சந்தனம் காசு அளவுக்குக் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. நடுவில் குங்குமம், ஈரத்தில் இறங்கி மஞ்சளெல்லாம் சிவப்பாகியிருந்தது.

"மயினி, வாங்க வாங்க. நல்ல நாளும் அதுவுமா ஒங்க கையாலயே எடுக்கீய" என்று அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். நெற்றி நிறைய விபூதி, புதுச் சேலை.

"இது யாரு செஞ்சது?"

"நாந்தான். முப்பத்தொண்ணுக்கும் ஒண்ணு விடாம வச்சிருக்கேன்."

"உள்ள தொறந்தா?"

"பின்ன? அட்டைக்கி வச்சா அட்டைக்கித்தான சேரும். உள்ள வச்சாத்தான புத்தகத்துக்குச் சேரும்? அண்ணாச்சி கடை பேரேட்டுக்கும் மொதப் பக்கத்துலதான வைக்காவ."

"மேல ஒரு தாளு இருந்துச்சே. வெள்ளையா, கண்ணாடி மாதிரி."

"அது மறச்சிச்சு மயினி. எல்லாத்தையும் பதனமா எடுத்து மடிச்சு ட்ராயர்ல வச்சிருக்கேன். ஒண்ணு கூடக் கிழியல." அவள் பெருமையோடுதான் சொன்னாள். "படத்துல எங்கன வைக்கன்னுதான் ரோசன. சாமி படம்னா நெத்தியில வைக்கலாம். யானைக்கு நெத்தி இருக்கு, சேவலுக்குக் கொண்டைக்குக் கீழ வச்சேன். கப்பலுக்கு உச்சிக் கம்புல. இந்தத் தையல் மெஷினுக்குத்தான் நெத்தி எதுன்னே தெரியல. ரொம்ப நேரம் பாத்தேன். சக்கரத்துல செவப்பா ஒரு பொட்டு ஏற்கனவே இருந்துச்சு. சரி, இதான் எடம்னு அங்கனயே வச்சிட்டேன்."

என் வாழ்க்கையில் அந்தச் சிவப்புத் துளியைக் கவனித்த இரண்டாவது ஆள் அவள்தான். அதற்காக அவளைக் கட்டிக்கொள்ள முடியுமா? நான் கத்தினேன். நான் கத்துவேன் என்று எனக்கே தெரியாது.

"ஒனக்குப் படிக்கத் தெரியும்லா? மேல சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்குல்லா? ஈரம் கூடாதுன்னு எழுதிருக்குல்லா?"

"சந்தனம் ஈரமா மயினி?" என்றாள். கேலியாக இல்லை. நிஜமாகவே கேட்டாள். அப்போதுதான் பார்த்தேன். என் நிபந்தனைச் சட்டத்துக்கும் நடு நெற்றியில் ஒரு பொட்டு வைத்திருந்தாள். 'ஈரக் கையால்' என்ற வரியின் மேல்.

சத்தம் கேட்டு அண்ணாச்சி கீழே கடையிலிருந்து ஏறி வந்தார். ஆல்பத்தைப் பார்த்தார். நாளிதழ் படிக்க வந்த இரண்டு பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

"தாயி, அவ மேல தப்பு இல்ல. கடைக்கும் சாமானுக்கும் வைக்க மாதிரி இதுக்கும் வைன்னு நாந்தான் சொன்னேன். மரியாத செய்யணும்னுதான்."

"மரியாதையே செய்யாம இருந்திருக்கலாம் அண்ணாச்சி. பீரோவுலயே கெடந்திருந்தா நல்லாருந்திருக்கும்."

"அப்டிச் சொல்லாதீங்க. வருஷத்துக்கு ஒரு நாளு. எம் பேரேட்டுக்கும் அதே பொட்டுதான்."

"ஒங்க பேரேடு அடுத்த வருஷம் புதுசு வாங்குவீங்க. நான் இத எங்க போயி வாங்க?"

நாளிதழ் படிக்க வந்தவர்களில் ஒருவர், "இருந்தாலும் சாமி காரியத்துல இப்டிச் சத்தம் போடலாமா?" என்று பொதுவாகச் சொன்னார். அவரைப் பார்த்து நான் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. டைரியில் இருக்கிறது.

எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவது என்று முடிவு செய்து, ஆல்பங்களை அடுக்க ஆரம்பித்தேன். நான்காவது ஆல்பத்தைத் தூக்கும்போது இழுப்பு வந்தது. கத்தியதாலா, பன்னீர் வாடையாலா, பழைய காகிதத்தாலா, தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மருந்தை உறிஞ்சினேன். அந்த அம்மாள் என் முதுகைத் தடவ வந்தாள். கையைத் தட்டிவிட்டேன். அவள் தள்ளி நின்று, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்போதும் என் கோபம் குறையவில்லை. மற்றவர்கள் கதையில் இந்த இடத்தில் குறைந்துவிடும். எனக்குக் குறையவில்லை.

மூச்சு திரும்பியதும் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இவற்றை வீட்டுக்குக் கொண்டுபோக என்னால் முடியாது. இங்கே விட்டுவிடவும் முடியாது. பீரோ சாவி பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஈரமான முப்பத்தொன்றையும் காற்றுப்பட மேஜையில் விரித்து வைத்து, எறும்பைத் தட்டி, மின்விசிறியைப் போட்டேன். மாலை வரை அங்கேயே இருந்தேன். காய்ந்த பிறகு நானே பீரோவில் அடுக்கிப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"சாவி இங்கன இருக்கட்டும் தாயி. யாராச்சும் பாக்க வந்தா?" என்றார் அண்ணாச்சி.

"என்னக் கூப்புடுங்க. நான் வந்து தொறந்து காட்டுதேன்."

"குடுத்தது குடுத்ததுதான?"

"படத்தத்தான் குடுத்தேன். சந்தனம் வைக்கதுக்கு நெத்தியக் குடுக்கல."

வீட்டில் என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். கப்பலின் உச்சிக் கம்பு வரை பொறுமையாகக் கேட்டார். தையல் மெஷினின் நெற்றி என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார். வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. நான்கு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலம் இருந்தது. உள்ளே பெயின்டர்கள் வைத்திருக்கும் மெல்லிய பிரஷ் இரண்டு, மை ஒற்றும் தாள் ஒரு கட்டு, முகக்கவசம் ஒரு பெட்டி. "ஏளா, அண்ணாச்சி கடைல வாங்கல. வேற கடைலதான்" என்றார். அதற்குப் பிறகு பேசினேன், தேவையான அளவுக்கு.

செவ்வாய்க்கிழமை எனக்கு மருந்துக்கடையில் மாலை முறை. அதனால் செவ்வாய்க் காலைகளில் வாசகசாலைக்குப் போக ஆரம்பித்தேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு ஒரே இருப்பில் நாற்பது நிமிடம் வேலை செய்ய முடியும். அதற்கு மேல் நெஞ்சு விசிலடிக்கும். காய்ந்த சந்தனத்தைப் பிரஷால் தட்டித் தட்டி எடுக்கலாம். பொடிந்து வந்துவிடும். குங்குமம் வராது. அது தாளுக்குள் போய்விட்டது. முதல் சில வாரம் அந்த அம்மாள் நான் வந்தால் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். பிறகு ஒருநாள் டீ கொண்டுவந்தாள். ஆல்பம் இருக்கும் மேஜைக்கு வராமல், பத்தடி தள்ளி ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, "அங்கன வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். ஆறிய பிறகு போய்க் குடித்தேன்.

முப்பத்தோரு முதல் பக்கங்களில் பத்தொன்பது பிழைத்தன, கறையோடு. பன்னிரண்டு போயின. உள்பக்கத்தில் எந்தப் படத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாதாரணமானவை, எங்கும் கிடைப்பவை, சிவகாசிக்காரர் வேண்டாம் என்றவை எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. சிறந்ததை எடுத்து, அதற்கென்று தனிப் பக்கம் ஒதுக்கி, எல்லாருக்கும் முன்னால் நிறுத்தியது நான். எங்கள் ஊரில் எதைத் திறந்தாலும் முதல் பக்கத்துக்குத்தான் பொட்டு. பேரேட்டுக்கும் அங்கேதான், பள்ளி நோட்டுக்கும் அங்கேதான். என் பள்ளி நோட்டுகளுக்கு அம்மா வைத்த பொட்டும் அங்கேதான் இருந்தது. இது எனக்குத் தெரியாதா? பதினாறு வயதில் அந்த ஏற்பாட்டைச் செய்தபோது நான் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் சிறந்ததை ஏழாம் பக்கத்தில் வைத்திருப்பேன். தையல் மெஷின் இன்று இருந்திருக்கும். அண்ணாச்சி மேலும், அவள் மேலும், டாக்டர் மேலும், என் கணவர் மேலும் உள்ள கோபத்தையெல்லாம் கூட்டினாலும், இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

போன பன்னிரண்டின் இடத்தையும் காலியாக விட்டிருக்கிறேன். வரிசையை மாற்றவில்லை. கீறல்களுக்கு நடுவில் பென்சிலால் எழுதி வைத்தேன். முதல் ஆல்பத்தில் இருப்பது இது: 'எண் ஒன்று. தையல் மெஷின். மஞ்சள், பச்சை. சக்கரத்தில் ஒரு சிவப்புத் துளி. மலையாள எழுத்து. குற்றாலம், டீக்கடை பெஞ்சுக்கு அடியில் கிடைத்தது. பூஜைச் சந்தனத்தால் அழிந்தது.'

அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு, தொண்டையைச் செருமி, "தாயி, அந்தக் கடேசி வரிய மட்டும் எடுத்துரலாமே. நாலு பேரு வந்து பாக்க எடம்" என்றார்.

"எல்லா வரியும் நடந்ததுதான் அண்ணாச்சி."

"நடந்ததுதான். அதுக்காக?"

"அதுக்காகத்தான்."

வரி இருக்கிறது.

இந்த வருடம் ஆயுத பூஜை அன்று எங்கள் கடையில் சந்தனம் குழைக்கும் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, காலையிலேயே வாசகசாலைக்குப் போய் பீரோவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். அகராதிகள் மேஜைக்குப் போயின. புராணங்கள் போயின. அந்த அம்மாள் கிண்ணத்தோடு வந்தாள். கதவுக்கு வைத்தாள், ஜன்னலுக்கு வைத்தாள், நாளிதழ் ஸ்டாண்டுக்கு வைத்தாள். எனக்கு மூன்றடி தள்ளி நின்றாள்.

"மயினி, பீரோ?"

நான் எழுந்தேன். கைப்பையில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"கைப்புடிக்கு வை. சாவி ஓட்டைக்குள்ள போயிரக் கூடாது. கெட்டியா வை, வழிய விடாத."

அவள் விரலில் இருந்ததைக் கிண்ணத்து விளிம்பில் பாதி வழித்துவிட்டு, கைப்பிடிக்கு நடுவில் வைத்தாள். குங்குமம் வைத்தாள். சந்தனத்தில் ஒரு துளி கீழே இறங்கப் பார்த்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம். அவள் முந்தானை முந்திக்கொண்டது.

அவள் அடுத்த அறைக்குப் போனாள். நான் மறுபடி உட்கார்ந்தேன். கைப்பிடியில் சந்தனம் காய்ந்து, ஓரம் வெளுத்து, வெடிப்பு விழ ஐம்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினேன்.